தேறாதது

எடைமேடையில் எனக்குப் பதினெட்டு வருஷம்.
லாரி காலியாக ஏறும்போது ஓர் எண்,
நிறைந்து ஏறும்போது ஓர் எண்.
கழித்தால் வருவது ஒயின்.
எனக்குத் தெரிந்த ஒயின் அவ்வளவுதான்.

டாங்கர்கள் கிழக்கே போகும்.
அங்கே சர்க்கரை கலந்து
துறவி படம் போட்ட லேபிள் ஒட்டுவார்களாம்.
மால்டோவா என்ற பெயர்
பூதக்கண்ணாடி வைத்திருப்பவர்களுக்கு.

வீட்டில் நாங்கள் குடிப்பது வேறு:
முற்றத்துப் பந்தலில் தானாய்க் காய்க்கும் இசபெல்லா,
இரண்டு லிட்டர் சோடா பாட்டிலில்.
ஆலைச் சரக்கை யாராவது குடிப்பார்களா?
அது ஏற்றி அனுப்புவதற்கு.

ஒரு மார்ச் மாதம் எல்லையை மூடினார்கள்.
சுகாதாரக் காரணம் என்றது வானொலி.
போன டாங்கர்கள் போன எடையோடு திரும்பின.
என் பேரேட்டில் முதல்முறையாக
கழித்தால் பூஜ்யம்.

ஆண்கள் கட்டட வேலைக்குப் போனார்கள்.
என் தங்கை அக்ரிப்பினா இத்தாலிக்கு,
பதுவாவில் ஒரு கிழவியைக் குளிப்பாட்ட.
மேலாளர் ஒனோஃப்ரெய் மீந்ததையெல்லாம் விற்றார்.
கடைசித் தொட்டியைத் தட்டிப் பார்த்து,
“இது தேறாது, வடிகாலில் விடுங்கள்.
எஃகு வாங்குகிறவன் வியாழக்கிழமை வருகிறான்.”

அந்தத் தொட்டியில் ராரா நேக்ரா.
நெருக்கமில்லாத கறுப்பு என்று அர்த்தம்.
பல் விழுந்த வாய் மாதிரி
இடைவெளி விட்டுக் காய்க்கும் குலை.

சோதனைக்கூடத்து எவ்தோகியா
வடிகாலைத் திறக்கவில்லை.
புதன் இரவு முழுக்க ரப்பர் குழாயோடு நின்று
முப்பத்தொரு பழைய பீப்பாய்களில் இறக்கினாள்.
குழாயின் மறுமுனையை நான் பிடித்தேன்,
குளிருக்குத் திட்டிக்கொண்டே.

பிறகு மூன்று குளிர்காலம்.
சம்பளம் சூரியகாந்தி எண்ணெயாக வந்தது, சில மாதம் அதுவும் இல்லை.
நிலவறைக்கு மின்சாரம் துண்டித்தார்கள்.
சைக்கிளில் வருவாள், மெழுகுவத்தி ஏற்றுவாள்,
குறைந்த அளவுக்கு ஊற்றி நிரப்பிவிட்டுப் போவாள்.
எதற்கு என்று நான் கேட்கவில்லை.
அவளுக்கும் தெரிந்திருக்காது.

ஓர் அக்டோபர் மாலை
என் கூண்டு ஜன்னலில் பீக்கரை நீட்டினாள்.
“குடி.”

முதலில் துவர்ப்பு, கன்னத்தின் உட்புறத்தைப் பிடித்து இழுத்தது.
அப்புறம் புளிப்புச் செர்ரி,
புகையில் காய்ந்த பிளம்,
அப்புறம் ஏதோ ஒன்று, பெயரில்லை,
மேற்குச் சரிவில் மழை நின்ற பத்து நிமிஷம்.
அந்தச் சரிவில் செப்டம்பர்தோறும் பெட்டி சுமந்திருக்கிறேன்.
முதுகுக்குத் தெரிந்திருந்தது.
நாக்குக்கு யாரும் சொல்லவில்லை.

மகிழ்ச்சி வரவில்லை எனக்கு. கோபம் வந்தது.
பதினெட்டு வருஷம் எத்தனை டன்!

தேறாது என்றது தேறி,
அடிமண்டி இறங்கி,
பீக்கர் வழியே என் விரல் ரேகை தெரிந்தது.

வேறெங்கோ போகவேண்டிய ஒரு பெல்ஜியக்காரர்
வழிதவறி வந்தார்.
வாயில் சுழற்றி, வாளியில் துப்பினார்.
எவ்தோகியாவின் முகம் வெளுத்துவிட்டது.
இரண்டாம் தடவை கேட்டு வாங்கினார்; அதைத் துப்பவில்லை.
“இதை நான் கண்டுபிடித்திருக்கிறேன்” என்று
மொழிபெயர்ப்பாளரிடம் சொல்லச் சொன்னார்.
எவ்தோகியா குழாயைச் சுருட்டிக்கொண்டிருந்தாள்.

முதல் அட்டைப்பெட்டியை எடைமேடையில் வைத்தேன்.
லாரிக்கான மேடை. முள் அசையவே இல்லை.
சந்தையிலிருந்து காய்கறித் தராசு வாங்கிவந்தோம்.

போன ஞாயிறு தங்கை பேசினாள்.
கிழவியின் மகன் விருந்துக்கு ஒரு பாட்டில் கொண்டுவந்தானாம்.
“அக்கா, நம் ஊர்ப் பெயர், பெரிய எழுத்தில்!
விலை என் அரைநாள் கூலி.
நான்தான் எல்லோருக்கும் ஊற்றினேன்.”

அவளுக்கு யாரும் ஊற்றவில்லை.
எப்படி இருக்கும் என்று என்னைக் கேட்டாள்.

துவர்ப்பு, என்றேன்.
செர்ரி, என்றேன். போதவில்லை.
மேற்குச் சரிவு, நீ பெட்டியோடு சறுக்கி விழுந்த இடம்,
எழுந்து பாவாடையைத் தட்டினாயே,
அது, என்றேன்.

“ம்” என்றாள்.
பின்னால் தண்ணீர் திறக்கும் சத்தம் கேட்டது.